கும்பளங்கி வீடும் துபாய்ச் சம்பளமும்: வெளிநாடு போகும் பைலட்டுக்கு ஒரு கணக்கு

வளைகுடா விமான நிறுவனம் ஒன்று ஆள் எடுக்கும்போது விளம்பரத்தில் ஒரு தொகைதான் பெரிய எழுத்தில் இருக்கும்: மாதம் இத்தனை திர்ஹாம், வரி கிடையாது. பேசிக், பறந்த மணிக்கான பணம், வீட்டுப்படி, வெளியூரில் தங்கும் நாள்களின் சாப்பாட்டுப்படி என எல்லாவற்றையும் கூட்டிப் போட்ட தொகை அது. இதில் எது மாதாமாதம் வந்தே தீரும், எது வராமலும் போகும், எது கைக்கே வராது என்று பிரித்துப் பார்க்காமல் யாரும் வேலையை விட வேண்டாம்.

கணக்குப் போட ஒரு வீடு வேண்டும். கும்பளங்கியை எடுத்துக்கொள்கிறேன். கொச்சிக்குத் தெற்கே காயல் சூழ்ந்த ஊர். சீனவலையும் செம்மீன் கெட்டும் (இறால் வளர்க்கும் நீர்ப்பரப்பு) உள்ள ஊர். 2019இல் வந்த திரைப்படத்தால் பெயர் தெரிந்தவர்கள் இன்று அதிகம். வளைகுடாப் பணம் கொச்சிக்குப் புதிதல்ல. 1999இல் திறந்த நெடும்பாசேரி விமான நிலையமே வெளிநாட்டில் உழைத்த மலையாளிகளின் முதலீடும் சேர்ந்து எழுந்ததுதான். எமிரேட்ஸ், எதிஹாட், கத்தார் ஏர்வேஸ், ஓமன் ஏர், கல்ஃப் ஏர் எல்லாம் அங்கே இறங்குகின்றன. துபாய்க்கு ஏறக்குறைய நான்கு மணி நேரப் பறப்பு. ஆகவே, "வேலை அங்கே, வீடு இங்கே" என்ற யோசனை எல்லோருக்கும் முதலில் வருவது இந்த ஊரில்தான்.

நம் உதாரணக் குடும்பம் இது. அவர் ஃபர்ஸ்ட் ஆபீசர், தமிழ்நாட்டுக்காரர். மனைவியின் ஊர் கும்பளங்கி. பள்ளியில் படிக்கும் இரண்டு பிள்ளைகள். மனைவியின் அப்பா அம்மா உடன் இருக்கிறார்கள். கீழே வரும் சம்பள, செலவு எண்கள் கணக்குக்காக நான் வைத்தவை. எந்த நிறுவனத்தின் சம்பளப் பட்டியலும் அல்ல. உங்கள் ஆஃபர் லெட்டரில் உள்ளதைப் போட்டு மாற்றிக்கொள்ளுங்கள்.

நாணய மாற்றுக்கு ஒரு வசதி உண்டு. ஒரு டாலருக்கு 3.6725 திர்ஹாம் என்பது 1997 முதல் மாறவில்லை. ஆகவே டாலரின் ரூபாய் மதிப்பைத் தெரிந்துகொண்டால் போதும். டாலர் 84 ரூபாய் என்று வைத்தால் திர்ஹாம் 22.87 ரூபாய். இந்த அத்தியாயம் முழுக்க அதுதான் விலை.

பேசிக் எவ்வளவு?

நேர்காணல் முடிந்து ஆஃபர் வந்ததும் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இதுதான். மாதம் 30,000 திர்ஹாம் என்று இரண்டு நிறுவனங்கள் சொல்கின்றன என்று வைத்துக்கொள்வோம். ஒன்றில் பேசிக் 25,000, பறக்கும் பணம் 5,000. மற்றதில் பேசிக் 15,000, படிகளும் பறக்கும் பணமுமாக 15,000. முதல் மாதச் சீட்டில் இரண்டும் ஒன்றுதான். ஆறேழு வருடம் கழித்துத்தான் வித்தியாசம் தெரியும்.

ஐக்கிய அரபு எமிரேட்ஸ் தொழிலாளர் சட்டப்படி, வேலையை விட்டு வரும்போது கிடைக்கும் பணிக்கொடை பேசிக்கை மட்டும் வைத்துக் கணக்கிடப்படுகிறது. முதல் 5 வருடத்துக்கு வருடம் ஒன்றுக்கு 21 நாள் பேசிக், அதற்குப் பிறகு வருடத்துக்கு 30 நாள் பேசிக். மொத்தம் இரண்டு வருடச் சம்பளத்தைத் தாண்டாது. பேசிக் 25,000 என்றால் 7 வருடத்தில் 1,37,500 திர்ஹாம், அதாவது 31 லட்சத்து 44 ஆயிரம் ரூபாய். பேசிக் 15,000 என்றால் 82,500 திர்ஹாம்தான். நடுவில் ஏறக்குறைய 12 லட்சத்து 58 ஆயிரம் ரூபாய் காணாமல் போகிறது. சில பெரிய நிறுவனங்கள் இதற்குப் பதிலாக சேமநிதி வைத்திருக்கின்றன. அதிலும் நிறுவனம் போடும் பங்கு பெரும்பாலும் பேசிக்கின் சதவீதம்தான். எத்தனை வருடம் கழித்து அந்தப் பங்கு முழுசாக உங்களுடையது ஆகும் என்பதையும் கேட்டு வையுங்கள்.

பறக்கும் பணம் ரோஸ்டரைப் பொறுத்தது. சிமுலேட்டர் பயிற்சி நடக்கும் மாதம் குறையும். விடுப்பு மாதம் குறையும். காய்ச்சலில் படுத்தாலும் குறையும். குறைந்தபட்ச மணி உத்தரவாதம் உண்டா, உண்டென்றால் எத்தனை மணி, விடுப்பில் இருக்கும்போதும் அது பொருந்துமா என்று எழுத்தில் வாங்குங்கள். சேர்ந்த முதல் சில மாதம் தரைப் பயிற்சியும் சிமுலேட்டரும்தான்; அப்போது பேசிக் மட்டுமே கைக்கு வரும் என்று வைத்துத் திட்டமிடுவது நல்லது.

வீட்டுப்படியில் இன்னொரு சூட்சுமம். சில நிறுவனங்கள் வீட்டையே கொடுத்துவிடும். நீங்கள் குடியிருக்காவிட்டால் பணமாகத் தராது. சில நிறுவனங்கள் படியாகத் தரும். படி வாங்கி நீங்களே துபாயில் வீடு பிடிப்பதாக இருந்தால் முதல் மாதமே பெரிய தொகை கையில் வேண்டும். வருட வாடகை 1,00,000 திர்ஹாம் உள்ள ஃபிளாட் என்று வைப்போம். புரோக்கருக்கு வழக்கமாக 5 சதவீதம், 5,000. வீட்டுக்காரருக்கு முன்பணம் இன்னொரு 5,000. மின்சாரம், தண்ணீர் இணைப்புக்கு 2,000 டெபாசிட். வாடகையை நான்கு செக்காக வாங்கச் சம்மதித்தால் முதல் செக் 25,000. மொத்தம் 37,000 திர்ஹாம், ஏறக்குறைய எட்டரை லட்சம் ரூபாய். முதல் சம்பளம் வருவதற்குள் இது போய்விடும். அப்புறம் வருட வாடகையில் 5 சதவீதம் நகராட்சிக் கட்டணம், மாதாமாதம் மின்கட்டண ரசீதிலேயே சேர்ந்து வரும். பல கட்டிடங்களில் ஏசிக்கான குளிர்விப்புக் கட்டணத்துக்குத் தனி ரசீது. மனைவி மக்களை முதல் நாளே கூட்டிப் போகாமல் ஒரு பள்ளிப் பருவம் கழித்துக் கூட்டிப் போகிறவர்கள் புத்திசாலிகள்.

2020 கற்றுக்கொடுத்தது

கொரோனா வந்தபோது எமிரேட்ஸ் பேசிக்கை 25 முதல் 50 சதவீதம் வரை சில மாதங்களுக்குக் குறைத்தது. பிறகு பைலட்டுகளையும் வேலையிலிருந்து அனுப்பியது. ஹாங்காங்கின் கேத்தி பசிபிக் அந்த அக்டோபரில் கேத்தி டிராகன் என்ற தன் துணை நிறுவனத்தையே மூடிவிட்டு, மிச்சமிருந்த பைலட்டுகளிடம் சம்பளம் குறைந்த புதிய ஒப்பந்தத்தை நீட்டியது. அவை நலிந்த நிறுவனங்கள் அல்ல. உலகத்தின் மிகப் பெரிய விமான நிறுவனங்கள் பட்டியலில் இருப்பவை.

நம் நாட்டுப் பைலட்டுகளுக்கு இதைவிடக் கசப்பான அனுபவம் உண்டு. 2012 அக்டோபரில் கிங்ஃபிஷரின் உரிமம் முடக்கப்பட்டது. 2019 ஏப்ரல் 17 அன்று ஜெட் ஏர்வேஸ் கடைசியாகப் பறந்தது. இரண்டிலும் பல மாதச் சம்பளம் பாக்கி. அந்த நிறுவனங்களில் இந்தியாவுக்கு வந்து ஓட்டிய வெளிநாட்டுக் கேப்டன்களும் இருந்தார்கள். இரண்டாயிரங்களின் நடுவில் இங்கே புதுப்புது நிறுவனங்கள் முளைத்தபோது கமாண்ட் (கேப்டன் பொறுப்பு) அனுபவம் உள்ளவர்கள் போதவில்லை. வெளிநாட்டுப் பைலட்டுகளுக்கான தற்காலிக அனுமதியில் அவர்களைக் கூட்டி வந்தார்கள். இத்தனை வாரம் பறப்பது, இத்தனை வாரம் சொந்த ஊர் போவது என்ற ஒப்பந்தங்கள் அவர்களிடம் சகஜம். பலருக்குச் சம்பளம் கொடுத்தது விமான நிறுவனம் அல்ல, ஆள் அனுப்பும் ஏஜென்சி. இன்று நாம் வெளியே போகிறோம் என்பதால் மட்டும் இந்தச் சிக்கல் மாறிவிடாது. ஒப்பந்தத்தின் முதல் பக்கத்தில் முதலாளி என்று யார் பெயர் இருக்கிறது? விமான நிறுவனமா, வேறு நாட்டில் பதிவான ஏஜென்சியா? சம்பளம் நின்றால் எந்த நாட்டு நீதிமன்றத்தில் கேட்க வேண்டும்? ஏஜென்சி என்றால் பணிக்கொடை, காப்பீடு, பள்ளிப்படி ஆகிய மூன்றும் பெரும்பாலும் இருக்காது. மாதத் தொகை கூடுதலாகத் தெரிவதற்கு அதுதான் காரணம்.

மூன்று வழி, மூன்று மிச்சம்

நம் குடும்பத்துக்கு வருவோம். பேசிக் 25,000, பறக்கும் பணம் 5,000, வீடு நிறுவனமே தருகிறது.

முதல் வழி, எல்லோரும் துபாய் போவது. சாப்பாடும் வீட்டுச் சாமானும் 5,000. கார்த் தவணை, காப்பீடு, பெட்ரோல், சாலிக் சுங்கம் 3,000 (சாலிக் 2025 முதல் நெரிசல் நேரத்தில் வாசலுக்கு 6 திர்ஹாம், மற்ற நேரம் பெரும்பாலும் 4). மின்சாரம், குளிர்விப்பு, இன்டர்நெட் 2,000. பள்ளிப்படிக்கு மேல் கையிலிருந்து போடுவது 1,500. துணிமணி, வெளிச்சாப்பாடு, போன் 2,500. மருத்துவத்தில் நம் பங்கு 500. ஊர் வந்து போவதற்கு மாதக் கணக்கில் ஒதுக்குவது 1,000. ஆக 15,500. மிச்சம் 14,500 திர்ஹாம், 3 லட்சத்து 31 ஆயிரம் ரூபாய்.

இரண்டாவது, அவர் மட்டும் போவது. அவருடைய செலவு 5,000, வந்து போக 1,500. மிச்சம் 23,500 திர்ஹாம், 5 லட்சத்து 37 ஆயிரம் ரூபாய். கும்பளங்கி வீட்டுக்கு மாதம் 90,000 ரூபாய் என்று வைத்தால் மிஞ்சுவது 4 லட்சத்து 47 ஆயிரம்.

மூன்றாவது வழியை நிறையப் பேர் கணக்கில் எடுப்பதே இல்லை. கொச்சியை பேஸாகக் கொண்டு இந்திய நிறுவனத்தில் பறப்பது. ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் 2005இல் வளைகுடாவுக்குப் பறக்கத் தொடங்கியது. அதன் தலைமையகமே நெடுங்காலம் கொச்சியில்தான் இருந்தது. இந்தியாவில் வருடம் 60 லட்சம் சம்பளம் என்று வைப்போம். 2025-26ஆம் ஆண்டின் புதிய வரிமுறையில், நிலையான கழிவு 75,000 போக, சர்சார்ஜும் செஸ்ஸும் சேர்த்து வரி 15 லட்சத்து 53 ஆயிரம். கைக்கு மாதம் 3 லட்சத்து 70 ஆயிரம். அவரும் வீட்டில் இருப்பதால் செலவு 1,10,000 என்று வைத்தால் மிச்சம் 2 லட்சத்து 60 ஆயிரம்.

இப்போது பாருங்கள். குடும்பத்தோடு துபாய் போவதற்கும் கும்பளங்கியிலேயே இருப்பதற்கும் மாதம் 71,000 ரூபாய்தான் வித்தியாசம். விளம்பரத்தைப் பார்த்தபோது துபாய்ச் சம்பளம் இங்கே கைக்கு வருவதைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்காகத் தெரிந்திருக்கும். குடும்பத்தைப் பிரிந்து அவர் மட்டும் இருந்தால், துபாயில் சேர்ந்து இருப்பதைவிட மாதம் 1 லட்சத்து 16 ஆயிரம் அதிகம் மிஞ்சும். பிரிந்திருப்பதன் விலை அது. அதை வாங்கலாமா வேண்டாமா என்பதைக் கணவனும் மனைவியும் உட்கார்ந்து பேசட்டும். புத்தகம் எழுதுகிறவன் அதில் தலையிடக் கூடாது.

ஆனால் ஒன்றில் தலையிடுவேன். துபாய் வழிகள் இரண்டையும் கெட்ட காலத்தில் வைத்துப் பாருங்கள். பறக்கும் பணம் நின்றுபோய் பேசிக்கும் பாதியானால் வருமானம் 12,500 திர்ஹாம். முதல் வழியில் மாதம் 3,000 திர்ஹாம் கையிலிருந்து போகும். அவர் மட்டும் இருக்கும் வழியில், ஊருக்கு அனுப்பியது போக 47,000 ரூபாய் மிஞ்சும். ஆகவே பறக்கும் பணத்தை நம்பி எந்தத் தவணையும் ஏற்காதீர்கள். பைலட் படிப்புக்கு அரைக்கோடிக்கு மேல் கடன் வாங்கியவர்கள் அநேகம். அந்தக் கடன், வீட்டுக் கடன், கார்க் கடன் மூன்றும் சேர்ந்து பேசிக்கின் மிச்சத்துக்குள் அடங்க வேண்டும். பறக்கும் பணம் மழைநீர்த் தொட்டி மாதிரி. பெய்யும்போது பிடித்து வைக்கலாம், அதை நம்பிக் குழாயை அடைக்க முடியாது.

வேறு நாடுகளைப் பற்றிச் சுருக்கமாக. எமிரேட்ஸில் மதிப்புக் கூட்டு வரி 5 சதவீதம், பஹ்ரைனில் 10, சவூதியில் 15. கடைச்செலவில் இது தெரியும். ஓமன் 2028 முதல் வருடம் 42,000 ரியாலுக்கு மேற்பட்ட தனிநபர் வருமானத்துக்கு 5 சதவீத வரி போடுகிறது. வளைகுடாவில் அதுதான் முதல். சிங்கப்பூரில் வருமான வரி 24 சதவீதம் வரை போகும், வெளிநாட்டவருக்கு அங்குள்ள சேமநிதியும் கிடையாது. அதனால் சிங்கப்பூர் ஆஃபரை துபாய் ஆஃபரோடு நேருக்கு நேர் வைக்காதீர்கள்.

விடுமுறை நாள், ஸ்டாண்ட்பை டிக்கெட், 182

"மாதம் எட்டு நாள் ஓய்வு, நாலு மணி நேரத்தில் கொச்சி, பிறகென்ன" என்பார்கள். எட்டு நாளும் சேர்ந்து வராது. இரண்டாகவும் மூன்றாகவும் சிதறி வரும். கும்பளங்கியிலிருந்து பெரும்படப்பு, தோப்பும்படி, குண்டன்னூர், இடப்பள்ளி, ஆலுவா வழியாக நெடும்பாசேரி நாற்பது கிலோமீட்டருக்கு மேல். இடப்பள்ளி நெரிசலில் மாட்டினால் இரண்டு மணி நேரம். வளைகுடாவிலிருந்து கொச்சிக்கு வரும் விமானங்கள் பல பின்னிரவில் கிளம்பி விடியலில் இறங்குபவை. வந்த நாளின் பாதி தூக்கத்தில் போகும். பணிக்கு முன் சட்டப்படியான ஓய்வு வேண்டும் என்பதால், பறக்கும் நாளுக்கு முந்தைய நாளே பேஸுக்குத் திரும்பிவிட வேண்டும். இரண்டு நாள் ஓய்வில் ஊருக்கு வருவது வீண் அலைச்சல். மூன்று நாளாவது சேர்ந்து கிடைத்தால் வரலாம்.

ஊழியர் டிக்கெட் மலிவுதான். ஆனால் அது இடம் இருந்தால் மட்டும். ஓணம், கிறிஸ்துமஸ், ஈஸ்டர், துபாய்ப் பள்ளிகள் மூடும் ஜூலை, ஆகஸ்ட் ஆகிய காலங்களில் கொச்சி விமானத்தில் காலி இருக்கை கனவுதான். கும்பளங்கியில் கிறிஸ்துமஸ் பெரிய பண்டிகை. மாமியார் வீட்டில் எதிர்பார்ப்பார்கள். அந்த வாரத்துக்கு ஆறு மாதம் முன்பே காசு கொடுத்து உறுதி டிக்கெட் எடுத்துவிடுங்கள். ரோஸ்டரில் விருப்ப நாள் கேட்கும் உரிமை சீனியாரிட்டிப்படிதான். புதிதாகச் சேர்ந்தவருக்கு டிசம்பர் 25 கிடைப்பது அபூர்வம்.

இனி வரிக்கான நாள்கள். இந்தியாவில் ஒரு நிதியாண்டில் 182 நாளோ அதற்கு மேலோ இருந்தால் நீங்கள் இங்கே குடியிருப்பவர் என்றாகிவிடும். சமீபத்தில் வெளிநாடு போனவராக இருந்தால் துபாய்ச் சம்பளத்துக்கும் இங்கே வரி கட்ட வேண்டி வரலாம். இந்திய வருமானம் 15 லட்சத்தைத் தாண்டுபவர்களுக்கு 120 நாள் என்ற கோடும் உண்டு. ஆனால் 120க்கும் 182க்கும் இடையில் நிற்பவருக்கு வெளிநாட்டுச் சம்பளம் வரிக்குள் வராது, வேறு சில சலுகைகள்தான் போகும். மாதம் எட்டு நாள் வீதம் பதினோரு மாதம் 88, வருட விடுப்பு 42, ஆக 130. ஓய்வு நாள் அத்தனையையும் கும்பளங்கியில் கழித்தாலும் 182க்கு இடம் இருக்கிறது. ஆனால் நோயில் படுத்து இரண்டு மாதம் ஊரில் தங்கினால் அந்த இடம் போய்விடும். கொச்சியில் இறங்கி ஹோட்டலில் இரவு தங்கும் பணி நாளும் இந்தியாவில் இருந்த நாள்தான். வந்த நாள், போன நாள் குறித்த ஒரு நோட்டும், பழைய ரோஸ்டர்களும் பத்திரமாக இருக்கட்டும்.

முதல் வருடத்தில்தான் பலர் சறுக்குகிறார்கள். நிதியாண்டு ஏப்ரல் 1இல் தொடங்குகிறது. செப்டம்பர் 29 அன்று 182ஆவது நாள். கிளம்பும் நாளும் சேர்த்து எண்ணப்படும் என்பதால் செப்டம்பர் 28க்குள் நாட்டை விட்டுப் போயிருக்க வேண்டும். அக்டோபர் முதல் வாரம் சேருங்கள் என்று நிறுவனம் சொன்னால், இரண்டு வாரம் முன்னதாகச் சேர முடியுமா என்று கேளுங்கள். கேட்கத் தயங்கினால், மார்ச் வரையிலான ஆறு மாத துபாய்ச் சம்பளம், நம் உதாரணத்தில் 41 லட்சம் ரூபாய், இந்திய வரிக்குள் வரும். நவம்பரில் ஆஃபர் வந்தால் ஏப்ரலுக்குத் தள்ள முடியுமா என்று பார்ப்பதும் தவறில்லை.

சம்பளத்தை முதலில் துபாய் வங்கியில் வாங்குங்கள். பிறகு அங்கிருந்து என்.ஆர்.இ. (வெளிநாட்டு வருமானத்துக்கான) கணக்குக்கு அனுப்புங்கள். நேராக இந்தியக் கணக்கில் விழச் செய்தால் "இந்தியாவில் பெற்ற வருமானம்" என்ற கேள்வி எழும். என்.ஆர்.இ. வட்டிக்கு இங்கே வரி இல்லை. பழைய சேமிப்புக் கணக்கை என்.ஆர்.ஓ. (இந்திய வருமானத்துக்கான கணக்கு) ஆக மாற்றியாக வேண்டும். பி.பி.எஃப். ஏற்கனவே இருந்தால் முதிர்வு வரை தொடரலாம், புதிதாகத் தொடங்க முடியாது. 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் இடத்தில் 2025ஆம் ஆண்டுச் சட்டம் 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறை; பிரிவு எண்கள் வேறு. கணக்கரைப் பார்க்கும்போது புதிய எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள்.

காயலோரம் வீடு

மூன்றாம் வருடம் கையில் கொஞ்சம் பணம் சேர்ந்ததும் எல்லோருக்கும் ஒரே ஆசை: தண்ணீரைப் பார்த்தபடி ஒரு வீடு. இதை நான் தடுக்க மாட்டேன். ஆனால் பக்கத்தில் மரடு இருக்கிறது. கடலோர ஒழுங்குமுறை மண்டல விதியை மீறிக் கட்டியவை என்று உச்ச நீதிமன்றம் 2019 மே மாதம் தீர்ப்பளித்த பிறகு, 2020 ஜனவரி 11, 12 தேதிகளில் நான்கு அடுக்குமாடிக் குடியிருப்புகளை வெடிவைத்துத் தகர்த்த இடம். உரிமையாளர்களுக்கு இடைக்கால நஷ்ட ஈடு தலா 25 லட்சம் ரூபாய். அங்கே ஃபிளாட் வாங்கியவர்களிடம் பத்திரம் இருந்தது, பஞ்சாயத்து அனுமதி இருந்தது, வங்கிக் கடனும் கிடைத்திருந்தது. ஆகவே அந்த மூன்றும் இருப்பது போதாது. நிலம் கடலோர மேலாண்மைத் திட்ட வரைபடத்தில் எந்த வகையில் வருகிறது என்று எழுத்தில் வாங்குங்கள்.

வருவாய்ப் பதிவேட்டில் அது "புரயிடமா" (வீட்டுமனை), "நிலமா" (நஞ்சை) என்று பாருங்கள். "நிலம்" என்றால் கேரளத்தின் 2008ஆம் ஆண்டு நெல்வயல், சதுப்புநிலப் பாதுகாப்புச் சட்டம் குறுக்கே நிற்கும். செம்மீன் கெட்டு மலிவாகக் கிடைக்கிறது என்று வாங்கிப் போடுகிறவர்கள் இங்கேதான் மாட்டுவார்கள். அதோடு, வெளிநாடு வாழ் இந்தியர் விவசாய நிலமோ தோட்டமோ பண்ணை வீடோ விலைக்கு வாங்க அந்நியச் செலாவணிச் சட்டம் அனுமதிப்பதில்லை. மனைவி இங்கேயே குடியிருந்தால் அவர் பெயரில் வாங்கலாமே என்பார்கள். பணம் எங்கிருந்து, எப்படி வந்தது என்பதை வழக்கறிஞரிடம் காட்டிவிட்டுச் செய்யுங்கள்.

கும்பளங்கியின் தாழ்ந்த பகுதிகளில் ஓதம் ஏறும் மாதங்களில் காயல் நீர் முற்றத்துக்கு வருகிறது. உப்பு சுவரைத் தின்றுவிடும். வீட்டை விலை பேசும்போது சுவரின் அடிப்பகுதியில் பூச்சு உதிர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். அடித்தளத்தை உயர்த்தும் செலவையும், கோடையில் குடிதண்ணீர் வாங்கும் செலவையும் சேர்த்துத்தான் விலை. "கட்டி விட்டு ஹோம்ஸ்டேயாக விட்டுவிடலாம்" என்ற யோசனை அவர் மட்டும் துபாயில் இருந்தால் நடக்கும், எல்லோரும் போய்விட்டால் நடக்காது. சுற்றுலாத் துறையின் ஹோம்ஸ்டே வகைப்பாட்டுக்கு வீட்டுக்காரக் குடும்பம் அங்கேயே குடியிருக்க வேண்டும்.

துபாயிலிருந்து அனுப்பும் அதிகாரப் பத்திரத்தை அங்குள்ள இந்தியத் துணைத் தூதரகத்தில் சான்றளித்து அனுப்புங்கள். இந்தியாவுக்கு வந்து மூன்று மாதத்துக்குள் இங்கே முத்திரைக் கட்டணம் கட்ட வேண்டும். அந்தத் தேதி தவறிப்போய் பத்திரப்பதிவு நாளன்று கைபிசைந்து நின்றவர்கள் உண்டு.

இன்னொரு செலவையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். நிறுவனத்தின் மருத்துவக் காப்பீடு மனைவி, பிள்ளைகளுக்கு உண்டு. மாமனார் மாமியாருக்கு இருக்காது. அறுபதைத் தாண்டியவர்களுக்குப் புதிதாகக் காப்பீடு எடுத்தால் பிரீமியம் அதிகம், ஏற்கனவே உள்ள நோய்களுக்குக் காத்திருப்புக் காலமும் உண்டு. நீங்கள் கிளம்புவதற்கு முன்பே அவர்கள் பெயரில் எடுத்துவிட்டால் காத்திருப்புக் காலம் நீங்கள் அங்கே இருக்கும்போதே ஓடிவிடும்.

கையெழுத்துக்கு முன்

இந்திய நிறுவனத்திலிருந்து விலக, கேப்டன் என்றால் ஒரு வருடம், கோ-பைலட் என்றால் ஆறு மாதம் நோட்டீஸ் தர வேண்டும் என்று விமானப் போக்குவரத்து இயக்குநரகமான டிஜிசிஏ 2017இல் விதித்தது. வெளிநாட்டு நிறுவனம் "அடுத்த மாதம் வா" என்றால் முடியாது. நோட்டீஸ் காலத்தை நேர்காணலிலேயே சொல்லிவிடுங்கள்.

டைப் ரேட்டிங் செலவை நிறுவனம் ஏற்றால் பாண்ட் இருக்கும். எத்தனை வருடம், மாதாமாதம் குறைந்துகொண்டே வருமா அல்லது கடைசி நாள் வரை முழுத் தொகையா என்று பாருங்கள். நிறுவனமே ஆளைக் குறைத்தால் பாண்ட் தள்ளுபடி ஆகும் என்ற ஒரு வரி ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும். இல்லையென்றால் சேர்க்கச் சொல்லுங்கள்.

சீனியாரிட்டி ஒரு நிறுவனத்திலிருந்து மற்றதற்குக் கூட வராது. இங்கே இன்னும் ஒன்றிரண்டு வருடத்தில் கமாண்ட் கிடைக்கும் நிலையில் இருந்தால், அங்கே ஃபர்ஸ்ட் ஆபீசராகப் போய் எத்தனை வருடம் வலது இருக்கையில் உட்கார வேண்டியிருக்கும் என்று கேளுங்கள். கேப்டன் சம்பளம் நான்கு வருடம் தள்ளிப்போவது சம்பள உயர்வையெல்லாம் தின்றுவிடும். என் கணிப்பில், இதுதான் முப்பத்தைந்து வயதுக்காரர்கள் கணக்கில் விடும் பெரிய எண்.

மருத்துவத் தகுதி போனால் சம்பளமும் போகும். இருதயம், சர்க்கரை இரண்டும் நம் ஆட்களுக்குச் சீக்கிரம் வருகின்றன. நிறுவனம் தரும் உரிம இழப்புக் காப்பீடு எத்தனை மாத பேசிக் தரும், தற்காலிகத் தகுதியிழப்புக்கும் பொருந்துமா என்று படியுங்கள். பன்னாட்டுப் பயணிகள் விமானத்தில் 65 வயதுக்கு மேல் பறக்க முடியாது. இந்த வரம்பு 2006 வரை 60ஆக இருந்தது. ஐம்பது வயதில் சேருகிறவர் பதினைந்து வருடம் இருக்கிறது என்று எண்ண வேண்டாம். அறுபதுக்குப் பிறகு மருத்துவப் பரிசோதனை ஆறு மாதத்துக்கு ஒருமுறை.

இந்திய உரிமத்தைக் காலாவதியாக விடாதீர்கள். 2020இல் திரும்பி வந்தவர்களில் உரிமம் உயிரோடு வைத்திருந்தவர்களுக்குத்தான் இங்கே வேலை கேட்கும் வழி இருந்தது. ஊருக்கு விடுப்பில் வரும்போது இங்குள்ள மருத்துவப் பரிசோதனையையும் ஒரு வேலையாக வைத்துக்கொள்ளுங்கள்.

துபாயில் கடன் அட்டையும் கார்க் கடனும் சம்பளக் கணக்கு உள்ள வங்கியிலேயே எடுப்பது வழக்கம். வேலை முடிந்து கடைசிச் செட்டில்மென்ட் அந்தக் கணக்கில் விழுந்ததும், கடன் தீரும் வரை வங்கி பணத்தை நிறுத்தி வைக்கும். ஆகவே பள்ளிக் கட்டணம், விமான டிக்கெட், சாமான் அனுப்பும் செலவு ஆகியவற்றுக்கான மூன்று மாதப் பணம் என்.ஆர்.இ. கணக்கில் தனியாக இருக்கட்டும். அந்தக் கணக்கின் ஏடிஎம் அட்டை மனைவியிடம் இருக்கட்டும், ரகசிய எண்ணும் அவருக்குத் தெரிந்திருக்கட்டும்.